நான் வெட்டி எறிந்த ஒன்றரை நொடி

மும்பையில் இருக்கும் இயக்குநருக்கும் விஸ்வநத்தத்தில் இருக்கும் எனக்கும் முதல் உரசல் வெடிச் சத்தத்தால்தான் வந்தது. வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போது ஊருக்குப் பின்னால் பொட்டலில் யாரோ பட்டாசுச் சரக்கை வெடித்துப் பார்த்தார்கள். "அங்க என்ன, கல்யாணமா?" என்று கேட்டார். "இல்ல மேடம், சாம்பிள் பாக்குறாங்க" என்றேன். அடுத்த நாளும் கேட்டது, அதற்கடுத்த நாளும் கேட்டது. "உங்க ஊர்ல தினமும் தீபாவளியா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தீபாவளிக்குத்தான் மேடம் இங்க லீவு" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போனது.

என் வேலை வீடியோ எடிட்டிங். மாடியில் பத்துக்குப் பத்தில் ஒரு அறை, இரண்டு திரை, கம்ப்யூட்டருக்காகவே வாங்கிய ஒரு ஏசி, கரண்ட் போனால் அரை மணி நேரம் தாங்கும் யுபிஎஸ். அதற்கு முன்னால் ஏழு வருடம் விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ வெட்டினேன். தாலி கட்டும் இடத்தில் ரோஜா இதழ் கொட்ட வைப்பது, மாப்பிள்ளை முகத்தைச் சுற்றி நட்சத்திரம் பறக்க விடுவது, இதெல்லாம் என் கைவண்ணம்தான். இந்த மாவட்டத்தில் எத்தனை மாப்பிள்ளைகளை இதயத்துக்குள் அடைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அப்புறம்தான் இந்த வேலை வந்தது. நாடு முழுக்கக் கைவேலை செய்கிறவர்களைப் பற்றி ஆறு பாகத்தில் ஒரு ஆவணப்படத் தொடர். அதை எடுக்கலாம் என்று இன்னும் யாரும் சம்மதிக்கவில்லை. சம்மதிக்க வைப்பதற்காக முன்கூட்டியே மூன்று நிமிடத்தில் ஒரு படம் காட்ட வேண்டும். பிட்ச் என்பார்கள். அந்த மூன்று நிமிடத்தை வெட்டித் தரும் பொறுப்பு என்னுடையது. தொடருக்குச் சம்மதம் கிடைத்தால் நான்தான் எடிட்டர். கிடைக்காவிட்டால் திரும்பவும் ரோஜா இதழ்.

முதல் பாகம் எங்கள் ஊர் பட்டாசு. அதற்கு எம். புதுப்பட்டிப் பக்கம் என் அக்கா வேலை பார்க்கும் கம்பெனியிலேயே அனுமதி கிடைத்தது.

அக்கா கீழ் வீட்டில் இருக்கிறாள். பூச்சட்டிக்கு, அதுதான் புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து செலுத்தும் வேலை, பத்தொன்பது வருடமாக. விடியும் முன்னாலேயே கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். சாயங்காலம் நாலரைக்குத் திரும்பி வருவாள். முழங்கை வரை அலுமினியப் பொடி ஒட்டி, இரண்டு கையும் வெள்ளியில் வார்த்த மாதிரி மினுங்கும். நானும் அங்கே ஒரு சீசன் வேலை பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாவது முடித்து, பதினெட்டு நிறைந்து, மதுரையில் காலேஜ் சேர்வதற்கு முந்தி. காலையில் அக்கா முன்னால் போவாள், நான் பின்னால் போவேன். "இவ ஒரு பராக்கு" என்று அங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். காக்காய் பறந்தாலும் நின்று பார்ப்பேன், அதனால் வந்த பெயர். இப்போது பராக்குப் பார்ப்பதற்கே எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அவளிடம் பல தடவை பெருமையடித்திருக்கிறேன்.

படம் எடுக்க ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் அக்கா மாடிக்கு வந்தாள்.

"எடுத்துக்கிடட்டும். எங்ககூட வேலை பாக்குற பிள்ளைகளுக்கும் சந்தோசம்தான். ஆனா வெடிச்சதை மட்டும் போட்றாத" என்றாள்.

"எது?"

"அதான், வெடிச்சு எரியிறது. வருசம் பூரா நாங்க உசுரோட வேலை பாக்குறோம். அத ஒருத்தரும் வந்து எடுக்க மாட்டேங்காக. ஒரு நாள் எங்கனயாச்சும் வெடிச்சுட்டா அம்புட்டு பேரும் கேமராவத் தூக்கிக்கிட்டு வந்துர்றாக. டிவியப் போட்டா அதேதான். நீயும் அதையே போட்டா எனக்கு ஆகாது."

"போட மாட்டேன்க்கா" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

கேமராக்காரர்கள் இரண்டு நாள் எடுத்தார்கள். பேட்டரி உள்ள எதுவும் மருந்து அறைப் பக்கம் வரக்கூடாது என்று போர்மேன் கறாராகச் சொல்லிவிட்டதால், வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் கேமராவை நிறுத்தி, நீள லென்ஸ் போட்டுத் தூரத்திலிருந்தே எடுத்தார்கள். அதுவும் நல்லதாகத்தான் போனது. பெண்கள் கேமராவை மறந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அறை வாசலுக்கு வருவது, உள்ளே நுழைவது, உட்காருவது, குழலில் மருந்தைச் செலுத்துவது. முப்பத்தேழு ஷாட் எனக்கு வந்து சேர்ந்தது.

நான் வேகமாக வெட்டுகிறவள். கல்யாண வீடியோ கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆள் நடந்து வருவதை எல்லாம் யார் பார்ப்பார்கள், விஷயத்துக்கு நேராகப் போய்விட வேண்டும். முப்பத்தேழு ஷாட்டிலும் முன்பக்கத்து ஒன்றரை நொடி, இரண்டு நொடியைக் கழித்துக் கட்டினேன். பெண்கள் உள்ளே காலை வைக்கும் இடத்தில் ஆரம்பித்து, கைகள் பரபரவென்று ஓடும் இடத்துக்குத் தாவினேன். அக்கா வரும் ஷாட்டில் கொஞ்சம் கூடுதலாகவே வெட்ட வேண்டியிருந்தது. வாசலில் நின்று தலையைத் திருப்பிக் கேமராவைப் பார்த்துவிட்டாள். 'அக்கா, பழக்கமில்லாதவ மாதிரி முழிக்கிறியே' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அதையும் நீக்கினேன்.

செவ்வாய்க்கிழமை அனுப்பினேன். வியாழக்கிழமை இயக்குநர் கூப்பிட்டார். அவர் தமிழ்க் குடும்பம்தான், மும்பையில் வளர்ந்தவர்.

"நல்லா இருக்கு, நீட்டா இருக்கு. ஆனா என்னை எதுவும் பண்ணலை" என்றார். "இவங்க பக்கத்துல எவ்வளவு பெரிய ஆபத்து இருக்குன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும். எடுத்தவுடனே அந்த பிளாஸ்ட் கிளிப்பைப் போடுங்க. பன்னெண்டு செகண்ட்."

அந்தக் கிளிப்பை முதலிலேயே அனுப்பியிருந்தார். யாரோ தூரத்திலிருந்து போனில் எடுத்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை. கரும்பச்சைக் கருவேலங்காட்டுக்கு மேலே வெள்ளைப் புகை, உள்ளேயிருந்து படபடவென்று சத்தம், எடுக்கிறவர் "ஐயோ, ஐயோ" என்பது. எங்கள் பக்கத்தில் சாம்பிள் சத்தத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் வந்து நிற்கும். நான் அந்தக் கிளிப்பை ஒரே ஒரு தடவை ஓட விட்டேன், அதுவும் ஹெட்போன் போட்டுக்கொண்டு. கீழே அக்கா இருந்தாள்.

"அதப் போட முடியாது மேடம். அக்காவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. "எனக்குப் புரியுது. ஆனா திங்கக்கிழமை பதினோரு மணிக்கு, முடிவு பண்ற மூணு பேர் உக்காந்து இதைப் பாக்கப் போறாங்க. முதல் பன்னெண்டு செகண்டுக்குள்ள அவங்க கை போன் பக்கம் போச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது. வேற எதையாவது வச்சு அவங்களை நிறுத்திக் காட்டுங்க, நான் அந்தக் கிளிப்பைத் தொடவே மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இல்லைன்னா, அதான் போகும்."

அவர் சொன்னது நியாயம்தான், அதுதான் எனக்கு எரிச்சல். வெள்ளி, சனி இரண்டு நாளும் பன்னிரண்டு நொடியைத் தேடினேன். சூரியன் உதிப்பதைப் போட்டேன், டூத்பேஸ்ட் விளம்பரம் மாதிரி இருந்தது. வெள்ளிக் கையைக் குளோசப்பில் போட்டேன், நகைக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது. பாட்டுப் போட்டேன், அழுகையாக வந்தது. சனிக்கிழமை மதியம் அந்தப் புகைக் கிளிப்பை டைம்லைனில் முதலில் வைத்தே பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அது ஆளைப் பிடித்து நிறுத்தியது. பார்க்கிறவர் கண்ணை எடுக்க முடியாது. சோறு இறங்கவில்லை எனக்கு. அதை எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு மாடிக்கு வந்தாள். "எங்களக் காட்டு பாப்போம்" என்று தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். புகை இல்லாத படத்தை ஓட விட்டேன். ஆரம்பத்தில் ஒரே சிரிப்பு. "இந்தா இவ ஊசிப்பட்டாசு மாதிரி, வாய் ஓயாது." "இவ போன மாசந்தான் வந்தா, பாவம், இன்னும் தும்முறா." அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னாள். இரண்டாவது தடவை பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, எங்க மானத்த வாங்கணும்னே இத எடுத்தீகளா?"

"என்னக்கா ஆச்சு?"

"ஒருத்தியாச்சும் தகட்டத் தொட்டுட்டு உள்ள போறாளா பாரு. முப்பது பேரும் வர்றா, வெறுங்கையோட விறுவிறுன்னு உள்ள போறா. இதப் பாத்தா என்ன நெனப்பாக? கூறுகெட்டவளுக, இவளுகளாலதான் வெடிக்கிதும்பாக. நாங்க தொடாம ஒரு நாளாச்சும் உள்ள போயிருக்கமா? நீயும் அங்கன வேலை பாத்தவதான? உனக்குத் தெரியாது?"

எனக்குத் தெரியும். அதுதான் விஷயம். மருந்து அறை வாசலில், நிலைப் பக்கத்தில், ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அங்கிருந்து மண்ணுக்குள் கம்பி போகும். நடக்கும்போது துணி உரசியே உடம்பில் கொஞ்சம் மின்சாரம் சேர்ந்துவிடும். அதோடு உள்ளே போய் மருந்தில் கை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். அதனால் வாசலில் நின்று தகட்டைத் தொட்டு, உடம்பில் இருப்பதை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் காலை உள்ளே வைக்க வேண்டும். தண்ணீர் குடிக்கப் போய் வந்தாலும் தொட வேண்டும், ஒன்றுக்குப் போய் வந்தாலும் தொட வேண்டும். மும்பையில் இருக்கும் ஒரு எடிட்டர் கையில் இது கிடைத்திருந்தால், 'இவர்கள் எதைத் தொடுகிறார்கள்' என்று முதல் ஷாட்டிலேயே நின்றிருப்பார். நான் நிற்கவில்லை. வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவது மாதிரி எனக்கு அது. பார்க்க அதில் ஒன்றுமில்லை என்று முப்பத்தேழு தடவை வெட்டிப் போட்டிருக்கிறேன். வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது.

"சரி பண்ணிர்றேன்க்கா" என்றேன். அவள் விருட்டென்று எழுந்து இறங்கிப் போய்விட்டாள்.

வெட்டிய துண்டு எங்கும் போய்விடாது. ஷாட்டின் ஓரத்தைப் பிடித்து இடது பக்கம் இழுத்தால் திரும்ப வந்துவிடும். ஒவ்வொன்றாக இழுத்தேன். முதலில் வெறுமனே கடமைக்குத்தான் இழுத்தேன். நாலாவது, ஐந்தாவது ஷாட்டில் கை நின்றுவிட்டது.

ஒருத்தி முழு உள்ளங்கையையும் பதித்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் எடுத்தாள். ஒருத்தி விரல் நுனியால் மட்டும் தொட்டாள். ஒருத்தி கையில் தட்டு நிறையக் குழல், அதனால் முழங்கையைக் கொண்டுபோய் வைத்தாள். போன மாசம் வந்தவள் தொட்டுவிட்டு, சரியாகத் தொட்டோமா என்று தகட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வயசான அம்மா தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாயாடி என்று அக்கா சொன்னாளே, அவள் பின்னால் வருகிறவளிடம் பேசிக்கொண்டே வருகிறாள், வாசல் வந்ததும் வாய் நிற்கிறது, தொடுகிறாள், திரும்பப் பேச்சு ஆரம்பிக்கிறது. செம்பில் மற்ற இடமெல்லாம் கறுத்துக் கிடக்க, கை படும் இடம் மட்டும் புதுக் குடம் மாதிரி பளபளத்தது.

எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருடம்! மழை நாளில், காய்ச்சல் நாளில், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில், பிள்ளைக்குப் பரீட்சை முடிவு வரும் நாளில். நான் ஒரு ஃபைலைச் சேவ் பண்ணினேனா இல்லையா என்று மூன்று தடவை பார்ப்பவள், அப்படியும் தவற விடுபவள். இவர்கள் ஒரு தடவைகூட மறக்காமல் இருக்கிறார்கள். ஊரே இந்த ஒன்றரை நொடியின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது. இது என் கண் முன்னால் நடந்துகொண்டே இருந்திருக்கிறது, நானே அந்தத் தகட்டைத் தொட்டிருக்கிறேன், ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியாக அக்காவின் ஷாட். வந்தாள், உள்ளங்கையை வைத்தாள், எடுத்தாள். உள்ளே போகவில்லை. இரண்டாவது தடவை, கொஞ்சம் மெதுவாக, திரும்பவும் வைத்தாள். அப்போது தலை லேசாகத் திரும்புகிறது. நான் குற்றம் என்று வெட்டியது அதைத்தான்.

எட்டுக் கையை எடுத்தேன். ஆளுக்கு ஒன்றரை நொடிக்குக் கொஞ்சம் குறைச்சல், அக்காவுக்கு மட்டும் கூடுதல். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, வேப்பமரத்துக் காற்று மட்டும். அக்காவைக் கடைசியில் வைத்தேன். தலை திரும்புவதை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு தடவை தொடுவதோடு நிறுத்தினேன். சரியாகப் பன்னிரண்டு நொடி வந்தது. அதன்மேல் ஒரே ஒரு வரி எழுத்து: உள்ளே போகுமுன் உடம்பின் மின்சாரத்தை இங்கே இறக்கி வைக்க வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் இயக்குநரிடமிருந்து பதில் வந்தது. "அந்தக் கிளிப்பை டெலீட் பண்ணிட்டேன்."

திங்கள்கிழமை பதினோரு மணிக்கு என் கேமராவை அணைத்துவிட்டு, ஓரமாக ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். திரையில் மூன்று முகம். என் கண் எல்லாம் அவர்கள் கைகளின் மேல்தான், போன் பக்கம் போகிறதா என்று. படத்தில் ஒரு கை, இரண்டு கை, மூன்று கை. ஒருவர் தேநீர்க் கோப்பையைப் பாதியில் தூக்கியபடி அப்படியே இருந்தார். எட்டாவது கை வரைக்கும் அந்தக் கோப்பை வாய்க்கும் போகவில்லை, மேஜைக்கும் போகவில்லை. அவ்வளவுதான், எனக்கு மீதி இரண்டே முக்கால் நிமிடம் எப்படிப் போனது என்று தெரியாது.

முடிந்ததும் கோப்பைக்காரர்தான் முதலில் பேசினார். ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாரும் ஒரு தடவை தொட்டார்கள், கடைசிப் பெண் மட்டும் ஏன் இரண்டு தடவை?

"எடிட்டரோட அக்கா அவங்க" என்று சொல்லிவிட்டு இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "நீங்களே சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சீசன் முழுக்க அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனவள் நான். "தெரியல சார். சாயங்காலம் அவ வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றேன். இயக்குநர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மூன்று பேரும் சிரித்தார்கள், நல்ல சிரிப்புதான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. முதல் பாகத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மற்றதை அது வந்தபின் பார்க்கலாமாம். கீழே ஓடி வந்து அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னேன், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கினேன், பக்கத்து வீட்டுக்கும் சொன்னேன். அப்புறம் நாலரை மணி எப்போது வரும் என்று தெருவைப் பார்த்து நின்றேன்.

வேன் வந்தது. அக்கா வெள்ளிக் கையோடு இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக் கோபம் இன்னும் மிச்சமிருந்தது. "சரி பண்ணியா?" என்றாள்.

"பண்ணிட்டேன். எல்லாரும் தொடுறீக. புகையும் இல்ல, ஒன்னும் இல்ல. எடுத்துக்கிட்டாக அக்கா, நமக்குக் கிடைச்சிருச்சு."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அப்படியே கொல்லைப் பக்கம் கை கழுவப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, நீ மட்டும் ஏன் ரெண்டு தடவ தொடுற?"

"எப்ப?"

"எப்பவுந்தான். வாசல்ல. மும்பைல கேட்டாக."

அவள் சோப்பைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். அவளுக்கே அது மறந்துபோயிருந்தது போல. அப்புறம் சிரித்தாள்.

"அது உனக்குடி. நீ எனக்குப் பின்னாலதான வருவ, பராக்குப் பாத்துக்கிட்டே. ஒரு நா தொடாமலே உள்ள கால வச்சுட்ட. போர்மேன் பாக்கல, நான் பாத்துட்டேன். எனக்கு அன்னைக்கு வேலையே ஓடல. மறுநாள்லருந்து நான் ஒருக்கா தொட்டுட்டு, நீ பாக்கட்டும்னு இன்னொருக்கா தொடுவேன். சொன்னா உனக்குக் கோவம் வரும்ல, அதான் சொல்லல."

"நான் வேலைய விட்டு நின்னு பதினஞ்சு வருசம் ஆச்சேக்கா."

"கை நின்னாத்தான" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை மொண்டு ஊற்றினாள். வெள்ளி கரைந்து சிமெண்டுத் தரையில் ஓடியது.

நான் மாடிக்குப் போனேன். அக்காவின் ஷாட்டை எடுத்து, நேற்று மறுபடியும் வெட்டிய அந்தக் கடைசித் துண்டைத் திரும்ப இழுத்து வைத்தேன். முதல் தடவை தொடுகிறாள். இரண்டாவது தடவை மெதுவாகத் தொடுகிறாள், தலையைத் திருப்புகிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் கேமராவைப் பார்க்கவே இல்லை. தனக்குப் பின்னால், வாசல்படிக்கு வெளியே, கீழே, கால் வைக்கும் இடத்தைப் பார்க்கிறாள். அங்கே யாரும் இல்லை.